குறுகிய வழி இருக்கும்போது ஏன் சுற்றிப் போக வேண்டும்? (ஹைப்பர்கியூப், டோரஸ், பிராட்காஸ்ட்)

கேள்வி, பிப்ரவரி 9

"இணைக் கணினிப் பாடத்தில் வேலியண்ட் முறை என்று ஒன்று வருகிறது. செய்தியை நேராக அனுப்பாமல், குருட்டாம்போக்கில் ஒரு நோடை (வலையில் உள்ள ஒரு கணினியை) தேர்ந்து முதலில் அங்கே அனுப்பி, அங்கிருந்து சேர வேண்டிய இடத்துக்கு அனுப்புவதாம். குறுகிய வழி கையில் இருக்கும்போது இது எதற்கு? தேர்வுக்காகச் சேர்த்த கணிதம் என்றே நினைக்கிறேன். பிராட்காஸ்ட்டும் (ஒரு நோடு மற்ற எல்லோருக்கும் ஒரே செய்தியைச் சொல்வது) அப்படித்தான். பைனாமியல் மரம் (செய்தி தெரிந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஒருவருக்குச் சொல்வது) போட்டால் லாக் கணக்கில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?"

பிப்ரவரி 9, இரவு

ஒரே ஒரு செய்தி போகும்போது குறுகிய வழிதான் நல்ல வழி, அதில் சண்டை இல்லை. ஆயிரம் செய்தி ஒரே நேரத்தில் கிளம்பும்போது கணக்கு மாறிவிடும். வாயால் சொன்னால் நம்ப மாட்டீர்கள், எண்களோடு எழுதுகிறேன்.

பத்துப் பரிமாண ஹைப்பர்கியூப் எடுத்துக்கொள்ளுங்கள். 1024 நோடுகள், ஒவ்வொன்றுக்கும் 10 பிட் முகவரி. ஒரே ஒரு பிட்டில் வேறுபடும் இரண்டு நோடுகளுக்கு நடுவே லிங்க் உண்டு. இதில் இ-கியூப் ரவுட்டிங் (செய்திக்கு வழி தேர்ந்தெடுக்கும் ஒரு முறை, சல்லிவனும் பாஷ்கோவும் 1977ல் எழுதியது) வேலை செய்யும் விதம் மிக எளிது. புறப்படும் முகவரியையும் சேரும் முகவரியையும் எக்ஸ்-ஆர் செய்யுங்கள் (வேறுபடும் பிட்டில் மட்டும் 1 வரும்). 1 வந்த பிட்களைக் கடைசி பிட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே போங்கள். நான்கு பிட்டில் பார்த்தால், 0010லிருந்து 1011க்குப் போக முதலில் 0011, அப்புறம் 1011. அட்டவணை வேண்டாம், யோசிக்க வேண்டாம், வன்பொருளில் சில கேட்களில் முடியும். எப்போதும் குறுகிய வழி.

இப்போது மேட்ரிக்ஸ் டிரான்ஸ்போஸ் (கிடை வரிசையும் நெடுவரிசையும் இடம் மாறுவது) செய்யுங்கள். பத்து பிட்டை இரண்டாகப் பிரித்து மேல் ஐந்தை அ என்றும் கீழ் ஐந்தை ஆ என்றும் வைப்போம். (அ, ஆ) நோடு தன்னிடம் உள்ளதை (ஆ, அ) நோடுக்கு அனுப்ப வேண்டும். இ-கியூப் கீழ் பிட்களை முதலில் திருத்தும். அதனால் ஒவ்வொரு செய்தியும் (அ, ஆ)விலிருந்து (அ, அ)வுக்கு வந்து, பிறகுதான் (ஆ, அ)வுக்குப் போகும். அ ஒன்றாக இருக்கும் 32 நோடுகளில் (அ, அ)வைத் தவிர்த்த 31ம் தங்கள் செய்தியை அந்த ஒரு நோடுக்குள்தான் திணிக்கும். அந்த நோடுக்குள் கடைசியாகத் திருத்தும் கீழ் பிட்டின் லிங்க் வழியே மட்டும் 16 செய்திகள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். அதே நேரத்தில் வேறு பல லிங்குகளில் ஒரே ஒரு செய்திதான் போகிறது.

இது இ-கியூபின் தனிக் குறை என்று நினைக்காதீர்கள். மேல் பிட்டிலிருந்து திருத்தினாலும் இதே கதைதான், இடம் மட்டும் மாறும். முகவரியை மட்டும் பார்த்து வழியை முன்கூட்டியே நிர்ணயிக்கும் எந்த முறையை எடுத்தாலும், நோடுகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்தால் வரும் அளவை ஒட்டி வளரும் நெரிசலை உண்டாக்கும் பரிமாற்றம் (யார் யாருக்கு அனுப்புவது என்ற ஜோடிப் பட்டியல்) ஒன்று இருந்தே தீரும் என்று போரோடினும் ஹாப்கிராஃப்டும் நிரூபித்திருக்கிறார்கள் (ஒரு நோடின் லிங்க் எண்ணிக்கையைச் சார்ந்த ஒரு வகுத்தல் அதில் உண்டு). உங்கள் புரோகிராம் அந்தக் கெட்ட பரிமாற்றத்தைத் தொடாது என்று யாராலும் உறுதி தர முடியாது.

வேலியண்ட் 1980களின் தொடக்கத்தில் சொன்ன தீர்வு இந்த இடத்துக்குத்தான். நடுவில் ஒரு நோடைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தால், உங்கள் பரிமாற்றம் எவ்வளவு கெட்டதாக இருந்தாலும் முதல் பாதி சீரான கூட்டமாகிவிடும், இரண்டாம் பாதியும் அப்படியே. பத்துப் பரிமாணத்தில் எல்லாம் பத்தின் ஒரு சிறு மடங்கில் முடியும் வாய்ப்பு மிக மிக அதிகம். நேர வழியைக் கொடுத்துவிட்டு நிச்சயத்தை வாங்குகிறோம்.

பிப்ரவரி 10

"டிரான்ஸ்போஸ் புத்தக உதாரணம், நிஜத்தில் யார் செய்கிறார்கள்?" என்று ஒருவர்.

முப்பரிமாண எஃப்எஃப்டி (வேகமான ஃபூரியர் மாற்றம்) எழுதும் எல்லோரும் செய்கிறார்கள். ஒரு திசையில் எஃப்எஃப்டி முடிந்ததும் தரவு முழுவதையும் திருப்பிப் போட்டால்தான் அடுத்த திசை. வானிலை, பிளாஸ்மா, கொந்தளிப்புப் பாய்வு என்று எதைத் தொட்டாலும் இது வரும். நான் ஒரு ஆய்வுக்கூடத்தில் பல வருடம் கிளஸ்டர் (வலையால் இணைத்த கணினித் தொகுப்பு) பார்த்துக்கொண்டேன். கணிக்கும் நேரம் அப்படியே இருக்க, திருப்பிப் போடும் நேரம் மட்டும் நோடு கூடக் கூட வீங்கும் வேலைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சுவிட்சின் போர்ட் கவுண்டர்களை எடுத்தால் படம் தெளிவாகத் தெரியும். ஒரு மேல்நோக்கு லிங்கில் காத்திருப்பு எண் மலை போல இருக்கும், பக்கத்து லிங்க் சும்மா கிடக்கும். இன்ஃபினிபேண்ட் (கிளஸ்டர்களை இணைக்கும் ஒரு வலை வகை) சுவிட்சில் பழைய வழக்கப்படி, சேரும் முகவரிக்கு எந்த போர்ட் என்று அட்டவணை ஒருமுறை எழுதப்பட்டு அப்படியே நிற்கும். காகிதத்தில் முழு அகலம் உள்ள ஃபேட்-ட்ரீயாக (மேலே போகப் போகக் கம்பி தடிக்கும் மர வடிவ வலையாக) இருந்தாலும் சில பரிமாற்றங்களில் இரண்டு மூன்று ஓட்டங்கள் ஒரே லிங்கில் ஏறிவிடும். கம்பி போதாமல் வரும் தாமதம் இல்லை அது. இருக்கும் கம்பியில் பாதியை யாரும் தொடவில்லை.

பிப்ரவரி 10, இரவு

காலையில் எழுதியதைப் படித்தால் வேலியண்டுக்குக் கோயில் கட்டச் சொல்வது போல இருக்கிறது. மறுபக்கத்தையும் எழுதிவிடுகிறேன்.

சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தில் 2004ல் கப்ரு என்ற கிளஸ்டரைக் கட்டினார்கள். பெயர் இமயமலைச் சிகரத்தினுடையது. 144 நோடு, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸியான் பிராசசர், எஸ்சிஐ என்ற வலைக் கார்டுகளால் 6×6×4 முப்பரிமாண டோரஸ் (ஒவ்வொரு திசையிலும் முனைகள் சேர்ந்து வளையமாகும் கட்ட வலை). குவார்க்குகளைப் பின்னல் மேல் வைத்துக் கணிக்கும் லாட்டிஸ் கேஜ் வேலைக்காக வந்தது. அந்த வேலையில் ஒவ்வொரு நோடும் பேசுவது பெரும்பாலும் பக்கத்து நோடோடுதான். அதனால்தான் டோரஸ் பொருந்தியது. பிரச்சினையின் வடிவமும் கம்பியின் வடிவமும் ஒன்று.

அங்கே வேலியண்ட் முறை போட்டால் என்ன ஆகும்? ஆறு நோடு வளையத்தில் குருட்டாம்போக்கில் எடுத்த இருவருக்கு இடையே சராசரி தூரம் 1.5, நான்கு நோடு வளையத்தில் 1. மூன்று திசையும் சேர்த்தால் 4. தற்செயல் இடத்துக்குப் போக 4, அங்கிருந்து வர 4. ஒரே தாவலில் போக வேண்டிய செய்தி சராசரியாக எட்டுத் தாவல் போகும். மொத்த இயந்திரத்தின் லிங்க் திறனையும் எட்டில் ஒன்றாக்கிவிட்டீர்கள்.

ஆக எந்த முறை நல்லது என்று வெறுமனே கேட்டால் பதில் கிடையாது. யார் யாரோடு எப்போது பேசுகிறார்கள் என்று தெரிந்தபின் கேட்டால் உண்டு.

பிப்ரவரி 12

பிராட்காஸ்ட்டுக்கு வருகிறேன். "லாக் கணக்கில் முடிந்துவிடுகிறது" என்ற வரியில் பாதிதான் உண்மை.

முதலில் உண்மையான பாதி. ஒரு நோடு ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும் என்றால், செய்தி தெரிந்தவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் அதிகபட்சம் இரட்டிப்பாகலாம். 1024 நோடுக்கு 10 சுற்றுக்குக் குறைவாக யாராலும் முடியாது, பைனாமியல் மரம் சரியாக 10 சுற்றில் முடிக்கிறது. ஹைப்பர்கியூபில் அந்த மரத்தின் ஒவ்வொரு கிளையும் ஒரு நிஜ லிங்க் மேலேயே உட்காருகிறது, ஒரு செய்திகூட இன்னொன்றின் வழியில் குறுக்கிடாது. இந்த அழகை முதலில் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இன்றும் குறையவில்லை.

ஆனால் சுற்றை எண்ணும்போது செய்தியின் நீளத்தை மறந்துவிடுகிறோம். 64 நோடு, செய்தி பெரியது, அதை ஒரு லிங்கில் ஒருமுறை தள்ள ஒரு நிமிடம் என்று வையுங்கள். பைனாமியல் மரத்தில் 6 சுற்று, ஒவ்வொன்றிலும் முழுச் செய்தி, ஆகவே 6 நிமிடம். இதற்குப் பதில் வேர் நோடு செய்தியை 64 துண்டாக்கி ஆளுக்கொன்று பங்கிடட்டும். பாதியை ஒருவருக்கு, கால்பங்கை இன்னொருவருக்கு என்று மரத்தில் பிரித்துக் கொடுத்தால் பங்கிடவே ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பிறகு எல்லோரும் தங்கள் துண்டுகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு முழுதாக்க இன்னொரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் இரண்டு நிமிடம்கூட இல்லை. மூன்று மடங்கு லாபம். வான் டி கெய்ன் குழு இதை விரிவாக எழுதியிருக்கிறது.

இன்னும் நீளமான செய்தி என்றால் வெறும் சங்கிலியே போதும். 64 நோடையும் வரிசையாக நிறுத்தி, செய்தியை 620 துண்டாக்கி ஒன்றன் பின் ஒன்றாகத் தள்ளுங்கள். வாங்கிக்கொண்டே அனுப்பவும் நோடால் முடிந்தால் 682 படி, ஒவ்வொன்றும் 1/620 நிமிடம், அதாவது 1.1 நிமிடம். லாக் எங்குமே இல்லாத ஒரு முறை லாக் முறையை ஐந்து மடங்குக்கு மேல் வெல்கிறது. அந்த 682 படிக்கும் தொடக்கச் செலவு உண்டு. செய்தி சிறியதாக இருந்தால் அந்தச் செலவே முழுங்கிவிடும்.

அப்புறம் ஹைப்பர்கியூபில் ஒரு நோடு எல்லா லிங்கிலும் ஒரே நேரத்தில் அனுப்பலாம் என்றால் வேறு உலகம் திறக்கிறது. ஆறு பரிமாணத்தில், ஒரே லிங்கை ஒரே திசையில் இரண்டு மரங்கள் தொடாதபடி ஆறு மரங்களை வரையலாம். செய்தியை ஆறாகப் பிரித்து ஒவ்வொரு மரத்திலும் ஒரு பங்கு. ஜான்சனும் ஹோவும் 1989ல் இதை முழுமையாக எழுதினார்கள். முதல்முறை படிப்பவர்கள் மூன்று பரிமாணத்தில் மூன்று மரத்தையும் மூன்று நிறப் பேனாவால் வரைந்து பாருங்கள். வரையாமல் புரியாது.

பிப்ரவரி 13

"இதெல்லாம் லைப்ரரியே பார்த்துக்கொள்ளாதா?"

பார்த்துக்கொள்ளும், அதனால்தான் லைப்ரரியை அழைக்கச் சொல்கிறேன். எம்பிஐ என்ற செய்திப் பரிமாற்றத் தரத்துக்கான எம்பிஐசிஎச் லைப்ரரியின் பழைய பதிப்புகளில் எல்லை அப்பட்டமாக எழுதியிருக்கும். 12288 பைட்டுக்குக் கீழே பைனாமியல் மரம். அதற்கு மேல் பங்கிட்டு மாற்றிக்கொள்வது. 524288 பைட் வரை, நோடு எண்ணிக்கை இரண்டின் அடுக்காக இருந்தால், மாற்றிக்கொள்வதை இரட்டிப்பு முறையில் (சுற்றுக்குச் சுற்று கையிருப்புத் துண்டுகள் இரட்டிக்கும்), அதற்கு மேலே வளையத்தில். தாக்கூர், ராபென்சைஃப்னர், கிராப் மூவரும் 2005ல் இந்தத் தேர்வுகளின் காரணத்தை எழுதினார்கள்.

ஆனால் லைப்ரரியை அழைக்காமல் பூஜ்ஜியமாவது நோடில் ஒரு ஃபார் லூப் போட்டு ஒவ்வொருவருக்காக அனுப்பும் புரோகிராம் இன்றும் என்னிடம் வருகிறது. 1023 அனுப்பல். எட்டு நோடில் சோதித்தபோது வேகமாக இருந்தது என்பார்கள்.

பிப்ரவரி 13, மதியம்

ஐபிஎம்மின் ப்ளூ ஜீன்/எல் சூப்பர்கணினியும் டோரஸ்தானே என்று கேட்டவருக்கு. ஆமாம், 64×32×32 டோரஸ், 65,536 நோடு. ஆனால் எல்லோருக்கும் சொல்ல, எல்லோரிடமும் கூட்டல் வாங்க, அந்த டோரஸை நம்பியிருக்காமல் மர வடிவில் தனியாக இன்னொரு வலையையே கம்பி போட்டு வைத்தார்கள். எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பார்க்க மட்டும் இன்னொன்று. பிராட்காஸ்ட் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 15

டெட்லாக் (ஒருவருக்காக ஒருவர் காத்து எல்லோரும் நின்றுவிடுவது) பற்றி யாருமே கேட்கவில்லை. நீங்கள் கேட்காமலே எழுதுகிறேன், ஏனென்றால் ரவுட்டிங்கில் வேகம் இரண்டாவது விஷயம். போய்ச் சேருமா என்பதுதான் முதல் விஷயம்.

ஆரம்ப இயந்திரங்கள் செய்தியை முழுதாக வாங்கி, சேமித்து, அப்புறம் அடுத்த நோடுக்கு அனுப்பின. கால்டெக்கில் சைட்ஸும் ஃபாக்ஸும் 1983ல் ஓட்டிய காஸ்மிக் கியூப் அப்படித்தான். 64 நோடு, ஒவ்வொன்றிலும் 8086 பிராசசரும் 8087ம். ஆறு தாவல் என்றால் ஆறு முறை முழு நீளத்துக்கான நேரம். அதனால் தூரத்தைக் குறைக்க ஹைப்பர்கியூப் அவசியமாக இருந்தது.

பிறகு டாலியும் சைட்ஸும் வார்ம்ஹோல் ரவுட்டிங்கைக் கொண்டுவந்தார்கள். செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, தலைத்துண்டு வழியைப் பிடித்துக்கொண்டு முன்னே ஓட, மற்றவை அதன் பின்னாலேயே போகும். நோடில் முழுச் செய்திக்கு இடம் வேண்டாம். தூரம் கிட்டத்தட்ட ஒரு பொருட்டே இல்லை, நீளம் மட்டும்தான் செலவு. ஆபத்தும் இங்கேதான். தலை நின்றால் உடல் முழுவதும் பல லிங்குகளைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடும். நீளமான கூட்ஸ் வண்டி சிக்னலுக்கு நிற்கும்போது அதன் பின்பகுதி இரண்டு லெவல் கிராசிங்கை அடைத்துக்கொண்டிருக்கும், அந்த ரயிலுக்குச் சம்பந்தமே இல்லாத லாரிகள் கேட்டில் காத்துக் கிடக்கும். அதேதான்.

நான்கு நோடு வளையம். ஒவ்வொருவரும் இரண்டு தாவல் தள்ளி இருப்பவருக்கு ஒரே திசையில் அனுப்புகிறார்கள். நான்கு பேரும் முதல் லிங்கைப் பிடித்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வேண்டிய இரண்டாவது லிங்க் அடுத்தவர் கையில். யாரும் விட மாட்டார்கள். இயந்திரம் அப்படியே உறைந்துவிடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது.

1987ல் டாலியும் சைட்ஸும் எழுதிய கட்டுரையின் விடை இது: எந்த லிங்கைப் பிடித்தவர் அடுத்து எந்த லிங்குக்காகக் காத்திருக்கலாம் என்று அம்புக்குறி போட்டு வரைபடம் வரையுங்கள். அதில் சுற்று இல்லையென்றால் டெட்லாக் வராது. இ-கியூபில் லிங்குகளைப் பரிமாண வரிசையில் ஏறுமுகமாகத்தான் பிடிக்கிறோம், ஆகவே சுற்று வர வழியே இல்லை. ஹைப்பர்கியூபில் இந்தப் பாதுகாப்பு இனாமாகக் கிடைத்தது. டோரஸில் கிடைக்காது, ஒவ்வொரு திசையும் ஒரு வளையம். அங்கே ஒரே கம்பியின் மேல் இரண்டு தனி பஃபர்களை (செய்தி காத்திருக்கும் சிறு நினைவிடங்களை) வைத்து இரண்டு விர்ச்சுவல் சேனல் ஆக்குவார்கள். வளையத்தில் ஓர் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் செய்தி முதல் சேனலிலிருந்து இரண்டாவதுக்கு மாற வேண்டும். சுற்று அறுந்துவிடும்.

முதல் கேள்வி கேட்டவர் கவனிக்க: நீங்கள் வேலியண்ட் முறையைச் செய்து பார்க்கும்போது இரண்டு பாதிக்கும் தனித்தனி விர்ச்சுவல் சேனல் கொடுங்கள். முதல் பாதி ஏறுமுகம், இரண்டாம் பாதியும் ஏறுமுகம், ஆனால் இரண்டையும் ஒட்டினால் ஏறுமுகம் இல்லை.

பிப்ரவரி 16

"என் எம்பிஐ புரோகிராம் அணி சிறியதாக இருந்தால் ஓடுகிறது, பெரிதாக்கினால் தொங்கி நிற்கிறது. நீங்கள் சொன்ன டெட்லாக்கா?"

சுற்று அதேதான், இடம் வேறு. எல்லோரும் வலப்பக்கத்துக்கு அனுப்பிவிட்டு அப்புறம் இடப்பக்கத்திலிருந்து வாங்குகிறீர்கள் அல்லவா? செய்தி சிறியதாக இருக்கும்வரை லைப்ரரி அதைத் தன் பஃபரில் போட்டுக்கொண்டு உங்களை விட்டுவிடும். ஓர் அளவைத் தாண்டினால், எதிரில் இருப்பவர் வாங்கத் தயார் என்று சொல்லும்வரை அனுப்பல் திரும்பாது. எல்லோரும் அனுப்பலிலேயே நிற்கிறார்கள், வாங்க யாருமில்லை. அனுப்பி-வாங்கும் ஒற்றை அழைப்பு ஒன்று இருக்கிறது, அதைப் போடுங்கள். பஃபர் அளவைக் கூட்டி ஓட வைக்காதீர்கள், அணி அடுத்த முறை பெரிதாகும்போது திரும்ப நிற்கும்.

பிப்ரவரி 17

மெஷ்ஷில் (முனைகள் சேராத கட்ட வலையில்) குறுக்கு-நெடுக்கு ரவுட்டிங்தான் (குறுக்கே போவதை முடித்தபின் நெடுக்கே போவது) ஒரே பாதுகாப்பான வழியா என்று கேட்டவருக்கு: இல்லை. கிளாஸ், நீ (Ni) என்ற இருவரும் 1992ல் திருப்ப மாதிரி என்று ஒன்று எழுதினார்கள். இரட்டைப் பரிமாண மெஷ்ஷில் மொத்தம் எட்டுத் திருப்பம். நான்கு சேர்ந்தால் வலஞ்சுழிச் சுற்று, மற்ற நான்கு இடஞ்சுழிச் சுற்று. ஒவ்வொன்றிலும் ஒரு திருப்பத்தைத் தடை செய்தால் போதும், மற்ற ஆறும் உங்களுக்கு. குறுக்கு-நெடுக்கு முறை நான்கைத் தடை செய்கிறது, அதாவது தேவைக்கு இரண்டு மடங்கு. ஆனால் எந்த இரண்டை எடுத்தாலும் சரியாகாது. 16 ஜோடியில் 12தான் டெட்லாக்கைத் தடுக்கும். மீதி நான்கில் ஏன் தவறுகிறது என்று நீங்களே வரைந்து பாருங்கள், ஆறு திருப்பங்களை வைத்தே 8 என்ற எண்ணின் வடிவத்தில் ஒரு சுற்று உருவாகும்.

டுவாட்டோ 1993ல் இன்னும் தளர்த்தினார். வரைபடத்தில் சுற்று இருந்தால்கூடப் பரவாயில்லை, எப்போது வேண்டுமானாலும் தப்பித்துப் போக ஒரு சுற்றில்லாத சேனல் கூட்டம் இருந்தால் போதும். க்ரே நிறுவனத்தின் டி3ஈ சூப்பர்கணினி தன் ரவுட்டரில் இந்த எண்ணத்தைப் பயன்படுத்தியது.

பிப்ரவரி 20

பஃபர் எத்தனை வேண்டும் என்ற கேள்வி வந்தது. இதற்கு ஃபைன்மன் கதையைச் சொல்லாமல் விட முடியாது. கனெக்ஷன் மெஷின் சிஎம்-1ல் 65,536 ஒற்றை பிட் பிராசசர்கள், ஒரு சிப்பில் 16, ஆக 4096 சிப், அவற்றைப் பன்னிரண்டு பரிமாண ஹைப்பர்கியூபாக இணைத்தார்கள். 1983 கோடையில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் அதைக் கட்டிய திங்கிங் மெஷின்ஸ் நிறுவனத்தில் வேலைக்கு வந்தார், அவருக்கு ரவுட்டரை ஆராயும் வேலை. ஒவ்வொரு சிப்பிலும் செய்தி காத்திருக்க எத்தனை பஃபர் வேண்டும் என்று மற்றவர்கள் வழக்கமான முறையில் கணக்கிட்டு ஏழு என்று வைத்திருந்தார்கள். ஃபைன்மன் பிட்களின் ஓட்டத்தையே தொடர்ச்சியான அளவாக எடுத்துக்கொண்டு பகுதி வகைக்கெழுச் சமன்பாடு எழுதி, ஐந்து போதும் என்றார். குழு முதலில் தங்கள் கணக்கையே வைத்துக்கொண்டது. பிறகு சிப் தயாரிக்க முடியாத அளவு பெரிதானபோது ஐந்துக்கு இறங்கினார்கள். இயந்திரம் ஓடியது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேனி ஹில்லிஸ் 1989ல் இதை எழுதியிருக்கிறார்.

பஃபர் நிறைந்தால்? அந்த ரவுட்டர் செய்தியை வேண்டாத திசையிலாவது வெளியே தள்ளிவிடும், அது சுற்றி வந்து சேரும். நிற்பதைவிட வழி தவறிப் போவது மேல் என்ற கொள்கை. பால் பேரன் 1964ல் தொலைத்தொடர்பு வலைக்கு எழுதிய எண்ணத்தின் வழிவந்தது.

பிப்ரவரி 22

இந்தியாவில் யாராவது இதையெல்லாம் செய்தார்களா என்று கேட்டிருந்தீர்கள். கப்ரு மேலே இருக்கிறது. அதற்கு முன்னால், புனேயில் சி-டாக் என்ற அரசு கணினி ஆய்வு அமைப்பு 1991ல் கொண்டுவந்த பரம் 8000 சூப்பர்கணினி. விஜய் பட்கர் தலைமை. அதில் இருந்தது இன்மாஸ் நிறுவனத்தின் டிரான்ஸ்ப்யூட்டர் பிராசசர், சிப்பிலேயே நான்கு லிங்க் முளைத்திருக்கும். நான்கே லிங்க் என்றால் நான்கு பரிமாணத்துக்கு மேல் ஹைப்பர்கியூபை நேரடியாகக் கட்ட முடியாது. அந்தக் காலத்தில் டிரான்ஸ்ப்யூட்டரில் வேலை செய்தவர்கள் மெஷ், வளையம், மரம் என்று பிரச்சினைக்கு ஏற்ப இணைப்பை மாற்றிப் பழகியவர்கள். அவர்களோடு பேசினால் ரவுட்டிங் பற்றி மிகத் தெளிவான அபிப்பிராயம் கிடைக்கும், ஏனென்றால் அவர்கள் அதைக் கையால் செய்தார்கள்.

இன்மாஸ் பிறகு சி104 என்ற 32 போர்ட் ரவுட்டர் சிப் செய்தது. அதில் வேலியண்ட் முறை வன்பொருளிலேயே இருந்தது. பாக்கெட்டின் முன்னால் ஒரு தற்செயல் முகவரியை ஒட்டி அனுப்பும், அங்கே போனதும் அந்த முகவரி உரிந்து விழும். தேர்வுக்காகச் சேர்த்த கணிதத்துக்கு யாரும் சிலிக்கனில் இடம் ஒதுக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 25

இன்றைய நிலவரம் கேட்டவர்களுக்கு. வார்ம்ஹோல் வந்தபின் தூரத்துக்கு விலை குறைந்தது, உயர்ந்த பரிமாணத்தின் கம்பிச் செலவு உறுத்த ஆரம்பித்தது. இன்டெல்லே ஐபிஎஸ்சி வரிசையில் ஹைப்பர்கியூபாக இருந்து, 1991ல் டச்ஸ்டோன் டெல்டாவில் இரட்டைப் பரிமாண மெஷ்ஷுக்கு இறங்கியது. பிறகு சிப்பின் முனைகளில் அலைவரிசை பெருகியதும் ஊசல் திரும்பியது. நிறைய போர்ட் உள்ள சுவிட்ச், குறைந்த தாவல். 48 போர்ட் சுவிட்சை மட்டும் வைத்து மூன்றடுக்கு ஃபேட்-ட்ரீ கட்டினால் 27,648 இயந்திரம் இணைக்கலாம்.

2008ல் கிம், டாலி, ஸ்காட், ஆப்ட்ஸ் நால்வரும் டிராகன்ஃப்ளை என்ற வலை அமைப்பை எழுதினார்கள். சுவிட்சுகளைக் குழுக்களாகக் கட்டி, ஒவ்வொரு குழுவுக்கும் மற்ற ஒவ்வொரு குழுவுக்கும் நடுவே நீண்ட கேபிள். மிகப் பெரிய அளவில் கட்டினால் இரண்டு குழுக்களுக்கு நடுவே ஒரே ஒரு கேபிள்தான். இப்போது ஒரு குழுவில் உள்ள எல்லோரும் அடுத்த குழுவோடு பேச ஆசைப்பட்டால்? குறுகிய வழி அந்த ஒற்றைக் கேபிள். மற்றவை எல்லாம் சும்மா. பிப்ரவரி 9ல் எழுதிய (அ, அ) நோடு இங்கே கேபிள் வடிவத்தில் வந்து நிற்கிறது. மருந்தும் பழையதே: தற்செயலாக ஒரு மூன்றாவது குழுவைத் தேர்ந்து அதன் வழியாகப் போ. லிங்க் திறனில் பாதியை விலையாகக் கொடுக்கிறோம், ஆனால் ஒற்றைக் கேபிளில் நெரிவதோடு ஒப்பிட்டால் அது மலிவு.

நான் பிப்ரவரி 10 இரவு எழுதிய தயக்கத்துக்கும் அவர்களிடம் பதில் உண்டு. யூகால் என்ற முறையில், கிளம்பும் நேரத்தில் ரவுட்டர் இரண்டு வழியின் வரிசை நீளத்தையும் தாவல் எண்ணிக்கையையும் பெருக்கிப் பார்க்கும். நேர வழி காலியாக இருந்தால் நேராக, நெரிந்தால் சுற்றி. க்ரேயின் ஏரீஸ் வலையிலும் இப்படித் தகவமையும் ரவுட்டிங்தான். எனக்குப் பிடித்தது இந்த இடம்தான், இரண்டில் ஒன்று என்று முன்கூட்டியே முடிவுகட்டவே வேண்டாம். ஒரே சிக்கல், தன் போர்ட்டில் உள்ள வரிசை மட்டும்தான் ரவுட்டருக்கு உடனே தெரியும். நெரியும் கேபிள் இன்னொரு சுவிட்சில் இருந்தால், அந்தச் செய்தி வரிசை வரிசையாகப் பின்னால் நிறைந்து வந்தபின்தான் தெரியும். இன்றும் ஆய்வு நடக்கும் இடம் இது.

பிப்ரவரி 26

ஜிபியு காரர்களுக்கு ஒரு வரி. 2017ல் பைடு குழு ஆழ்கற்றலுக்கு எடுத்துவந்து பிரபலமாக்கிய வளைய ஆல்-ரெட்யூஸ் (எல்லோருடைய எண்களையும் கூட்டி விடையை எல்லோருக்கும் தருவது), நான் பிப்ரவரி 12ல் எழுதிய துண்டுகளை வளையத்தில் சுற்றவிடும் வேலையின் உறவுதான். ஒவ்வொருவரும் அனுப்புவது மொத்தத் தரவின் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு, ஜிபியு எண்ணிக்கை எவ்வளவு ஏறினாலும் அதைத் தாண்டாது. ஆனால் வளையம் நீள நீளத் தொடக்கச் செலவு ஏறும், சிறு செய்திக்கு மரம்தான்.

மார்ச் 1

கொஞ்சம் விலகிப் போகிறேன், பிடிக்காதவர்கள் தாண்டிவிடுங்கள். எல்லோரிடமும் ஒவ்வொரு ரகசியம், போனில் பேசும் இருவர் தமக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பகிர்வார்கள், எல்லோருக்கும் எல்லாம் தெரிய எத்தனை அழைப்பு? நான்கு பேருக்கு மேல் இருந்தால் விடை ஆட்களின் இரட்டிப்பில் நான்கைக் கழித்தது. ஆறு பேருக்கு 8. செய்யும் விதம்: நான்கு பேரை நடுவர்களாக வையுங்கள். வெளியே உள்ள இருவர் ஒரு நடுவரை அழைக்கட்டும், 2. நால்வரும் தங்களுக்குள் ஜோடி மாற்றிப் பேச 4. வெளியே உள்ளவர்களுக்குத் திரும்பச் சொல்ல 2. செய்வது சுலபம். இதற்குக் குறைவாக முடியவே முடியாது என்று நிரூபிப்பதுதான் கடினம், 1970களின் தொடக்கத்தில் பல குழுக்கள் தனித்தனியாக நிரூபித்தன.

அந்த நால்வரின் நான்கு அழைப்பைக் கவனியுங்கள். முதலில் ஒரு ஜோடி முறை, பிறகு குறுக்கு ஜோடி. அது இரண்டு பரிமாண ஹைப்பர்கியூபில் பிட் பிட்டாகப் பரிமாறிக்கொள்வதுதான்.

மார்ச் 4

முதலில் கேட்டவர் திரும்ப வந்து, இதைப் புராஜெக்ட்டாக எடுக்கலாமா என்கிறார். தாராளமாக. சிமுலேட்டர் எழுதி ஆறு மாதத்தை விடாதீர்கள், முதலில் வெறும் எண்ணிக்கை போதும். 1024 நோடு, ஒவ்வொரு செய்தியின் வழியையும் நடந்து, ஒவ்வொரு லிங்கிலும் எத்தனை செய்தி ஏறியது என்று ஓர் அணியில் கூட்டுங்கள். அதிகபட்சத்தைப் பாருங்கள். இ-கியூபில் டிரான்ஸ்போஸுக்கு 16 வர வேண்டும், வந்தால் உங்கள் புரோகிராம் சரி. பிறகு பிட் வரிசையைத் தலைகீழாக்கும் பரிமாற்றம், பக்கத்து நோடு மட்டும் பேசும் பரிமாற்றம், எல்லாம் தற்செயல். நான்குக்கும் இ-கியூப் ஒரு நெடுவரிசை, வேலியண்ட் ஒரு நெடுவரிசை. வேலியண்டுக்குச் சீட்டை மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டி, சராசரியோடு மோசமானதையும் எழுதுங்கள். அதிகபட்சத்தோடு மொத்தத் தாவலையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிப் போவதற்குக் கொடுத்த விலை அட்டவணையில் தெரியாது.

இன்னொன்று. ஒரே செய்தியின் பாக்கெட்டுகள் வெவ்வேறு நடு நோடு வழியாகப் போனால் வரிசை மாறி வந்து சேரும். எண்ணிப் பார்க்கும் கட்டத்தில் இது தெரியாது, நேரம் அளக்கும் கட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். புரோகிராமை இங்கேயே ஒட்டுங்கள், பார்க்கிறேன்.